மந்திரிக்குப் போட்ட இலை

மரகதபுரி மன்னர் விசயகேசரி தன் யானையோடும் குதிரைகளோடும் பல்லக்கோடும், மகளோடும் மந்திரியோடும் மருமகனாக வரப்போகிற தளபதியோடும், கொழிஞ்சிப்பட்டிக்குப் பூவலிங்கம் வீட்டில் துட்டி கேட்க வந்த அன்றைக்கு ஊரில் ஒருத்தரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. இத்தனை பேருக்கு இலை காணுமா, பருப்புக்குழம்பில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றினால் ருசி கெட்டுப்போகுமா, யானையை எந்த மரத்தில் கட்டுவது, இவைதான் அவர்கள் கவலை. சாவு வீட்டுக்கு வருகிறவர்களை யார் எவர் என்று விசாரிப்பது அந்த ஊரில் பழக்கமில்லை. செத்தவளுக்கு வேண்டியவர்கள், வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லாரும் கிரீடமும் பட்டும் முத்துமாலையும் உள்பட உச்சி முதல் பாதம் வரை சாம்பல் நிறத்தில் இருந்தார்கள். யானையைப் பொறுத்தவரை அதுகூட ஒரு வித்தியாசமாகத் தெரியவில்லை.

செத்தவள் பூவலிங்கத்தின் ஒரே மகள் குருவம்மாள். செத்த இடம் மரகதபுரி அரண்மனையின் அந்தப்புரம். ஊரே கண்ணால் பார்த்த சாவு அது.

பூவலிங்கம் பருத்தியும் மிளகாயும் போடுகிற சம்சாரி, நல்ல மனுஷர், ஆனால் கோபம் வந்துவிட்டால் முன்பின் பார்க்கத் தெரியாது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த நாடகக் கம்பெனியோடு குருவம்மாள் வண்டி ஏறிப் போய்விட்டாள் என்று தெரிந்ததும், அவர் நேராகக் கண்மாய்க்கு நடந்து, கட்டின வேட்டியோடு இறங்கி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வந்து, "தலைமுழுகிட்டேன். இனிமே அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றார். அன்றிலிருந்து அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்கவில்லை. ஆனால் அவர் பெண்சாதி சண்முகத்தாய் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடுதலாகவே போட்டுவந்தாள். பூவலிங்கம் அதைப் பார்த்தார், பார்க்காதவர்போல இருந்தார், மறுநாள் காலையில் அந்த ஒரு பிடிச் சோற்றைப் பழையதாகத் தானே கரைத்துக் குடித்தார், அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. அப்படியே வருஷங்கள் போயின. குருவம்மாள் மெட்ராசில் சினிமாவில் சேர்ந்திருக்கிறாள் என்று யாரோ யாரிடமோ சொன்ன சேதி மட்டும் காற்றுவாக்கில் வந்து, வாசலோடு நின்றுவிட்டது.

டவுன் கொட்டகைக்கு 'மரகதச் சிம்மாசனம்' வந்தபோது, வண்டி கட்டிக்கொண்டு ஊரே போயிற்று. பூவலிங்கத்துக்கு இஷ்டமில்லை. சண்முகத்தாயின் தம்பி சுடலைமுத்துதான், "ராசா ராணி கதை மச்சான், கத்திச் சண்டையெல்லாம் பிரமாதமா இருக்காம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஆண்கள் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் தட்டிக்கு அந்தப் புறம்.

கதை என்னவோ எல்லாரும் அறிந்த மாதிரிக் கதைதான். இளவரசி மரகதவல்லிக்குத் தளபதி மேல் காதல். மந்திரிக்குத் தன் மகனைச் சிம்மாசனத்தில் உட்கார்த்தி வைக்க ஆசை. அதற்கு இளவரசி தடையாக இருக்கிறாள் என்று அவள் குடிக்கிற பாலில் மந்திரி விஷப் பொடியைக் கலந்துவிடுகிறார். பால் சூடாக இருக்கிறதா என்று முதலில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பது தோழியின் வேலை. அந்தத் தோழிக்குப் படத்தில் பேரும் கிடையாது, பேச்சும் கிடையாது. பூத்தட்டோடு ஒரு தடவை வருவாள், இளவரசிக்குத் தலை பின்னிக்கொண்டு ஒரு தடவை வருவாள், அப்புறம் பால் செம்போடு வருவாள்.

பூத்தட்டோடு வந்தபோதே பூவலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. 'மெலிஞ்சுட்டாளே' என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. தலை பின்னிக்கொண்டு வந்தபோது, இந்தக் கையால்தானே என் வேட்டிக்கு நீலம் போடுவாள் என்று நினைத்தார். கோபம் வரும், வரட்டும் என்று காத்திருந்தார், அது வரவில்லை. அதற்குள் குருவம்மாள் பாலைக் குடித்தாள், தொண்டையைப் பிடித்தாள், செம்பு உருண்டது, விழுந்தாள். இளவரசி குனிந்து பார்த்து ஒரு கண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் நந்தவனம், தளபதி, பாட்டு.

தட்டிக்கு அந்தப் புறமிருந்து சண்முகத்தாயின் அலறல் கேட்டது. பிறகு கொழிஞ்சிப்பட்டிப் பெண்கள் அத்தனை பேரும் மணலில் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் சாய்த்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். திரையில் பாட்டு, தரையில் ஒப்பாரி. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்து, கடைசியில் பாட்டுதான் முதலில் ஓய்ந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு சுடலைமுத்து சொல்லிப் பார்த்தான். "அது நடிப்பு மச்சான். நெசமாச் சாக மாட்டாங்க."

பூவலிங்கத்தின் தங்கை மாடத்தி விடுவாளா? வாயில் வெற்றிலையோடு வந்து நின்றாள். "நடிப்புன்னு எனக்கும் தெரியும்ல. கூத்துல செத்தவன் நம்ம கண்ணு முன்னாலயே எந்திரிச்சுப் போயி பீடி கேக்கான். ராசா வேசக்காரன் போன படத்துல செத்தான், இந்தப் படத்துல யானை மேல வாரான், அதையும் பாத்தோம். நம்ம புள்ள எந்திரிச்சத எவன்ல பாத்தது? சொல்லு!"

சந்தேகம் தீர மறுநாளும் வண்டி கட்டினார்கள், கடைசி வரைக்கும் கண்கொட்டாமல் பார்த்தார்கள், குருவம்மாள் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எழுந்திருக்கவில்லை. மெட்ராசுக்குப் போய் விசாரிக்கலாமென்றால் எந்தத் தெரு, எந்த வீடு? தலைமுழுகினவர் விலாசம் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

ஊர் கூடிப் பேசியது சாவைப் பற்றிக்கூட இல்லை, அந்த அரண்மனையின் லட்சணத்தைப் பற்றித்தான். பெரிய ராஜாங்கமாம், ஆயிரம் தூணாம், சோறு ஆக்கிப் போட ஆள் இல்லையா, சங்கு ஊத ஆள் இல்லையா, ஒரு சின்னப் பிள்ளை விழுந்து கிடக்கிறாள், தாண்டிக்கொண்டு பாட்டுப் பாடப் போகிறார்களே, இவர்களெல்லாம் மனுஷர்களா என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவர்கள் செய்யாவிட்டால் போகட்டும், நாம் செய்வோம் என்று முடிவாயிற்று. பூவலிங்கம் அதுவரை தூணில் சாய்ந்து பேசாமல் இருந்தவர், "செய்வோம்" என்றார். சொன்ன கையோடு அவருக்கு அழுகை வந்துவிட்டது. தலைமுழுகினவன் அழலாமா என்று இத்தனை வருஷமாக உள்ளேயே போட்டுப் பூட்டி வைத்திருந்த மனுஷர், பிள்ளை செத்ததால் அழுகிற உரிமை திரும்பக் கிடைத்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். ஊரும் அவரைத் தேற்றவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டது. அதற்காக அவர் அந்த ஊரை ஆயுசுக்கும் மறக்கவில்லை.

அந்தக் கருமாதிக்குத்தான் மன்னர் வந்தார்.

வண்டிப்பாதையில் தூசி கிளப்பிக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் யானையிலிருந்து இறங்கி, பூவலிங்கத்தின் முன்னால் நின்று இரண்டு கையையும் உயர்த்தினார், சபைக்கு ஆசி வழங்குகிற பாவனையில். சுடலைமுத்து சட்டென்று குறுக்கே போனான். "ராசா, துட்டி வீட்டுல அப்பிடி இல்ல. ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. மச்சான் தொடுவாரு. வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

மன்னர் கையை நீட்டினார். பூவலிங்கம் தொட்டார். பின்னால் தளபதி நீட்டினார், சேவகர்கள் நீட்டினார்கள், வரிசையாக எல்லார் கையையும் பூவலிங்கம் தொட்டு முடித்தார். ஆனால் பேசாமல் இருக்க மன்னருக்கு வரவில்லை. பேசியே பழகின பிறவி.

"பெரியீர்! எம் அரண்மனையில் ஒரு பெண் நஞ்சுண்டு வீழ்கிறாள். அவள் உடல் தரையில் கிடக்கும்போதே யாம் நந்தவனத்துக்குப் புறப்பட்டுவிடுகிறோம். அவளை எடுத்தவர் யார், எரித்தவர் யார் என்று இந்நாள்வரை யாம் கேட்டதில்லை. உங்கள் பெண்கள் அழுத அழுகை எம் மண்டபத்துத் தூண்களிடையே வந்து நின்றுவிட்டது. அதன் பின் எம்மால் வழக்கம்போல் சிரிக்க இயலவில்லை. உங்களுக்கு நன்றி சொல்ல வந்தோம்."

"நன்றியெல்லாம் இருக்கட்டும்" என்றார் பூவலிங்கம். "மொதல்ல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக."

இளவரசியை மாடத்தி கையோடு பெண்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "இந்த நகையெல்லாம் கழட்டி ஓரமா வை தாயி, கட்டிப்பிடிச்சா குத்துது" என்று சொல்லி வட்டத்தில் உட்கார வைத்தாள். பாட்டுக்கும் வசனத்துக்கும் தவிர வாய் திறந்து அறியாத மரகதவல்லி, சண்முகத்தாயின் தோளில் முகத்தை வைத்து, முதலில் ஒரு கண்ணால் ஒரு சொட்டு விட்டாள், பழக்கதோஷம். சண்முகத்தாய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவ்வளவுதான், மூக்கைச் சிந்திச் சிந்தி அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. என் தலையைப் பின்னினவளே, என் பாலைக் குடித்தவளே, உன் பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று அவளே ஒப்பாரி கட்டினாள். பெண்கள் அவளுக்குக் குருவம்மாள் என்ற பேரைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அழுது முடிக்க நேரமாகிவிட்டது. டவுனில் அன்றைக்கு முதல் ஆட்டம் ஆரம்பித்தபோது திரையில் அரண்மனை மட்டும் இருந்ததாம், ஆள் யாருமில்லையாம். காலியான சிம்மாசனம், காற்றில் ஆடுகிற திரைச்சீலை, எரிகிற தீவட்டி. ஜனங்கள் அதையும் கடைசி வரை பார்த்துவிட்டு, இன்றைக்கு இரைச்சல் இல்லாமல் நன்றாக இருந்தது, அரண்மனையை நிதானமாகப் பார்க்க முடிந்தது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

இங்கே பந்தி. படத்தில் விருந்துக் காட்சி என்றால் தட்டு தட்டாகப் பழமும் பலகாரமும் இருக்கும், கை வாய் வரைக்கும் போகும், யாரும் எதையும் தின்றதில்லை. அந்த மனிதர்கள் வாழ்நாளில் முதல் தடவையாகச் சுடுசோற்றில் கையை வைத்தார்கள். சேவகர்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். தளபதி மூன்று தடவை பூசணிக்காய்க் கூட்டு வாங்கினார். மன்னர் இலையை வழித்துவிட்டு, மடிப்பது எப்படி என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மந்திரி மட்டும் தொழுவத்துச் சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு யாரும் இலை போடவில்லை. போட மாட்டோம் என்று பெண்கள் ஒரே பிடியாக இருந்தார்கள். அவன் வந்ததே தப்பு, கொன்றவன் கருமாதிக்கு வந்து சோறு தின்பானா, அவனைத் துரத்தாமல் இருப்பதே பெரிது என்று மாடத்தி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். பூவலிங்கத்துக்கும் ரத்தம் கொதித்தது. எழுந்து அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர், அங்கே சண்முகத்தாய் போவதைப் பார்த்து நின்றார்.

சண்முகத்தாய் கையில் ஒரு தலைவாழை இலை இருந்தது. அதைப் பந்தியின் கடைசியில் விரித்து, தண்ணீர் தெளித்து, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

மந்திரி அசையவில்லை. "அம்மையே, உன் மகள் குடித்த பாலில் நஞ்சு கலந்த கை இது" என்றார். எப்போதும் இடி மாதிரி முழங்குகிற குரல், அன்றைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டது.

"தெரியும்" என்றாள் சண்முகத்தாய். "அதுக்கு என்ன செய்யச் சொல்லுதீக? எம்புள்ள துட்டிக்கு வந்திருக்கீக. இந்த வீட்டுல இருந்து ஒருத்தரும் வெறும் வயித்தோட போகக் கூடாது. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவளே பரிமாறினாள். உப்பு வைத்தாள், சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், போதுமா என்று கேட்காமல் மறுசோறும் வைத்தாள். மந்திரி தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மிளகாயாலும் இருக்கலாம், எங்கள் பக்கத்து மிளகாய் லேசுப்பட்டதில்லை. எல்லாரும் எழுந்து போன பிறகும் அவர் அந்த இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

புறப்படுகிற நேரத்தில், யானை மண்டியிட்டுக் காத்திருக்க, பூவலிங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மன்னர் முன்னால் போய் நின்றார். "ராசா, ஒண்ணு கேக்கணும். எம்புள்ள நாளைக்கும் சாவாளா?"

மன்னர் தரையைப் பார்த்தார். "நாளையும். மறுநாளும். எங்கெல்லாம் இப்படம் ஓடுகிறதோ அங்கெல்லாம்."

"ஒவ்வொரு ஊருலயுமா?" பூவலிங்கம் ஒரு எட்டு முன்னால் வந்தார். "அத நிறுத்தப்படாதா? நீங்க ராசாதான? ஒரு வார்த்தை சொன்னா நடக்காதா?"

"யாம் அரசர்தாம். ஆனால் எம் வாயில் வரும் ஒரு சொல்கூட எம்முடையது அன்று, பெரியீர்."

செம்புத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்த மந்திரி இதைக் கேட்டார். கழுவின கையையே பார்த்துக்கொண்டு நின்றார், தண்ணீர் தீர்ந்த பிறகும்.

யானை ஏறும்முன் மன்னர் சொன்னார்: "கடைசியில் எம் மகளுக்கும் தளபதிக்கும் திருமணம் நிகழும். உங்கள் துக்கத்துக்கு யாம் வந்தோம். எம் மகிழ்ச்சிக்கு நீங்கள் வர வேண்டும்."

இதுதான் ஊரைப் பிடித்து ஆட்டிய சிக்கல். மன்னர் வந்தது சிக்கலில்லை, யானை வைக்கோல்போரில் பாதியைத் தின்றது சிக்கலில்லை, கல்யாணத்துக்கு அழைத்ததுதான் சிக்கல். கெட்டதுக்கு வந்தவர்கள் வீட்டு நல்லதுக்குப் போகாவிட்டால் அப்புறம் எந்த மூஞ்சியோடு ஊரில் நடமாடுவது? ஆனால் சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை கல்யாணப் பந்தலில் கால் வைக்கலாமா? போகாவிட்டால் மரியாதை கெடும், போனால் முறை கெடும். குளத்தங்கரையிலும் களத்துமேட்டிலும் இதே பேச்சு. கடைசியில் மாடத்திதான் வழி சொன்னாள்: "ஊரு சீர் எடுத்துட்டுப் போகட்டும். அண்ணனும் மதினியும் கொட்டகைக் கடைசியில இருந்து பாத்துட்டு, அப்பிடியே வந்துரட்டும்."

சீர் என்றால் லேசுபாசாகச் செய்யவில்லை. தேங்காய், பழம், மஞ்சள், வெற்றிலைத் தட்டுகள், ஒரு மூட்டை புது மிளகாய், பொண்ணுக்குச் சுங்குடிச் சேலை, எல்லாம் தாம்பாளங்களில் ஏந்திக்கொண்டு, மேளத்தோடு கொட்டகைக்குள் நுழைந்தார்கள். வாசலில் சீட்டுக் கிழிக்கிறவன், "எங்க இவ்வளவு தூரம்?" என்று கேட்டான். "கல்யாணத்துக்கு" என்றார்கள். அவன் வழி விட்டான்.

பூவலிங்கமும் சண்முகத்தாயும் கொட்டகையின் கடைசி மூங்கில் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்குத் தட்டிக்கு அந்தப் புறம் இந்தப் புறம் என்று அவர்களை யாரும் பிரிக்கவில்லை. பூத்தட்டு வந்தது. தலை பின்னல் வந்தது. இந்தத் தடவை இளவரசி பின்னலுக்குக் குனிந்து கொடுத்தபடி, "குருவம்மா" என்று ஒரு தரம் கூப்பிட்டாள்.

பால் செம்பு வந்தது. மந்திரி தூண் மறைவிலிருந்து வந்தார், இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தார், பிரித்தார், செம்புக்கு மேலே பிடித்தார். பூவலிங்கம் தன்னை அறியாமல் சண்முகத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளுக்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவர் அந்தக் கையைப் பிடித்ததில்லை.

மந்திரியின் கை அப்படியே நின்றது. அவர் தலையைத் திருப்பி, மணல் தரையைத் தாண்டி, உட்கார்ந்திருக்கிற அத்தனை தலைகளையும் தாண்டி, கடைசி மூங்கிலின் அடியைப் பார்த்தார். அங்கே சண்முகத்தாய் எதையும் கேட்காமல், கையெடுத்துக் கும்பிடாமல், அன்றைக்கு இலைக்கு முன்னால் நின்ற மாதிரியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தின்ற சோறு வயிற்றில் இருக்கும்போது எப்படிப் போடுவார்? பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மந்திரி தூண் மறைவுக்கே திரும்பிப் போனார்.

குருவம்மாள் செம்பைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். நின்றாள். இன்னொரு வாய் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அந்தப் படத்தில் முதல் தடவையாகப் பேசினாள்: "பால்ல சீனி கம்மி."

கொட்டகை என்ன சத்தம் போட்டது என்று சொல்ல முடியாது. கூரைக் கீற்று பறந்தது என்பார்கள் எங்கள் ஊரில். பூவலிங்கம் எழுந்தார். "அப்ப நம்ம வீட்டுல சாவு இல்ல" என்றார். "ஏ சுடலமுத்து, சீர்த்தட்ட எடு. எல்லாரும் வாங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

மணல் தரை அன்றைக்குத் திரையோடு முடியவில்லை, அப்படியே அரண்மனை முற்றம் வரைக்கும் போயிற்று. மேளம் முன்னால் போக, தட்டுகள் பின்னால் போக, கொழிஞ்சிப்பட்டி முழுக்க மரகதபுரிக்குள் நடந்து போய்ச் சேர்ந்தது. மன்னர் வாசலுக்கே வந்து கை நீட்டினார். "ராசா, இது கல்யாணம். இங்க கும்பிடணும்" என்று சுடலைமுத்து சொல்லிக் கொடுத்தான்.

மண்டபத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற தோழியின் முன்னால் பூவலிங்கம் போய் நின்றார். அவள் சிரித்துச் சந்தனத்தை நீட்டினாள். எல்லா விருந்தாளிக்கும் சிரிக்கிற சிரிப்புதான் அது. நடையும் கையும் குருவம்மாளுடையவை, கண்ணில் அவரைத் தெரிந்த அடையாளம் இல்லை. இது என் பிள்ளையின் நிழல், என் பிள்ளை வேறெங்கோ இருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது; நிழல் பிழைத்திருக்கிறதென்றால் அவளும் உயிரோடுதான் இருக்கிறாள். இந்தச் சாம்பல் வெளிச்சத்தில் நின்று பேசினால் எல்லா ஊருக்கும் கேட்கும் என்றும் தோன்றியது. சந்தனத்தை வாங்கிக்கொண்டார்.

"தாயி" என்றார். "அன்னைக்கு முழுகினது இன்னும் ஈரமாத்தான் இருக்கு. எனக்குக் கோவிச்சுக்கிடத்தான் தெரியும், கூப்பிடத் தெரியல. உங்கம்மை இன்னமும் ஒரு பிடி அரிசி சேத்துத்தான் போடுதா. வீட்டுக்கு வா."

மங்கள வாத்தியம் முழங்கியது, பூமாரி பொழிந்தது, சுபம் என்று எழுத்து விழுந்தது.

அதற்கப்புறம் அந்தப் படம் எங்கே ஓடினாலும் அப்படித்தான் ஓடியது. தோழி பாலைக் குடித்து உயிரோடு இருந்தாள். கல்யாண மண்டபத்தில் ராஜாக்களுக்கு நடுவே முண்டாசு கட்டினவர்களும் பின்கொசுவம் வைத்த பெண்களும் ஒரு மிளகாய் மூட்டையும் இருந்தன. படக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து, இவர்கள் யார், யார் கூட்டி வந்தது, யார் சம்பளம் கொடுத்தது என்று கொஞ்ச நாள் குழம்பினார்கள். முன்னைவிடக் கூட்டம் அதிகமாக வருகிறது என்று தெரிந்ததும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் வண்டிப்பாதையில் ஒரு பெண் தகரப் பெட்டியோடு நடந்து வந்தாள். சேலை நல்ல சிவப்பு. பூவலிங்கம் வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவள் பெட்டியை வைத்தாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அழுவார், திட்டுவார், என்னவாவது செய்வார் என்று எட்டிப் பார்த்தவர்கள் எதிர்பார்த்தார்கள்.

"சாப்பிட்டியா?" என்றார் பூவலிங்கம்.

"இல்லப்பா" என்றாள் குருவம்மாள்.

உள்ளே சண்முகத்தாய் இலை போட்டுக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுது, முகத்தைத் துடைத்துவிட்டு, உட்கார வைத்தாள். பக்கத்தில் ஆளில்லாமல் ஒரு இலை விரித்து, சோறும் குழம்பும் வைத்திருந்தது.

"இது யாருக்கும்மா?"

"மந்திரிக்கு" என்றாள் சண்முகத்தாய். "தெனமும் அவருக்குப் போட்டுட்டுத்தான் நாங்க சாப்பிடுதோம். உன்னைய எங்களுக்குத் தந்தவரு."

குருவம்மாளுக்குச் சொல்லவேண்டியதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. மெட்ராசில் அந்தப் படத்தைத் தரை டிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தாளாம். கல்யாணக் காட்சி எடுத்த அன்றைக்கு அவளுக்கு வேலையே கிடையாதாம், செத்தவளுக்கு என்ன வேலை என்று வண்டி அனுப்பவில்லையாம். தான் நிற்காத மண்டபத்தில் தான் நிற்பதையும், எதிரே அப்பா சந்தனம் வாங்குவதையும் பார்த்தவள், அவர் பேசி முடிப்பதற்குள் கொட்டகையை விட்டு எழுந்து வந்துவிட்டாளாம்.

"அந்தப் பால் ரொம்பக் கசந்துச்சா தாயி?" என்று கேட்டார் பூவலிங்கம். அதுதான் அவர் மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

குருவம்மாள் சிரித்தாள். "அது பாலே இல்லப்பா. அரிசிமாவுத் தண்ணி. சரியா வரலன்னு திரும்பத் திரும்பக் குடிக்கச் சொன்னாங்க. நான் மாட்டேன்னு சொல்லல. அன்னைக்கு எனக்கு வேற சாப்பாடு இல்ல. பசிக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

பூவலிங்கம் எழுந்து தொழுவத்துக்குப் போனார். நேரம் கெட்ட நேரத்தில் என்ன இது என்று மாடு திரும்பிப் பார்த்தது. கறந்தார், காய்ச்சினார், டப்பாவைக் கவிழ்த்துச் சீனி போட்டார், தானே ஆற்றி, தானே ஒரு வாய் குடித்துப் பார்த்து, மகள் கையில் கொடுத்தார்.

அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். "சீனி சரியா இருக்குப்பா" என்றாள். பூவலிங்கம் டம்ளரை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அவள் விழாமல் இருக்கிறாளா என்று, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.